நஞ்சுக்கு ‘மருந்து’ என்று பெயர்

ஒரு கண்டுபிடிப்பால் வரும் தீமைக்கு யார் பொறுப்பு? கண்டுபிடித்தவரா, விற்றவரா, பயன்படுத்தியவரா? இதுதான் இன்றைய அரங்கின் கேள்வி. பினாங்கில் இருந்துகொண்டு இதற்கு விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் தோட்டப்புற வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘மருந்தடிக்கிற வேலை’ தெரியும். களைக்கொல்லியை நாம் மருந்து என்றுதான் சொல்வோம். காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, தெளிப்பானை முதுகில் சுமந்துகொண்டு நிரைகளுக்குள் இறங்கியவர்களில் பலர் நம் பெண்கள். அவர்கள் அடித்த மருந்துகளில் ஒன்றுதான் பாராகுவாட்.

பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1962இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. புல் சில நாளில் கருகியது, ஆள்கூலி மிச்சமானது. ஆனால் அந்த நஞ்சு உடலுக்குள் போனால் நுரையீரலைக் கெடுக்கும். முறிவு மருந்து கிடையாது. தோலில் புண் இருந்தால் அதன் வழியாகவும் உள்ளே இறங்கும்.

“முறைப்படி பயன்படுத்தினால் ஆபத்தில்லை” என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முறை எங்கே நடக்கும்? உச்சிவெயிலில் கையுறையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு எத்தனை மணி நேரம் வேலை செய்ய முடியும்? தெளிப்பான் ஒழுகினால், அன்றைய கூலியை விட்டுவிட்டு யார் வீடு திரும்புவார்? எழுத்தறியாத பெண்ணுக்குப் போத்தலில் ஒட்டிய சீட்டு என்ன சொல்லும்? தவறிக் குடித்துவிடாமல் இருக்க, பின்னாளில் நீல நிறமும் வாடையும் வாந்தி மருந்தும் சேர்த்தார்கள். நல்லதுதான். ஆனால் முதுகில் ஒழுகும் நஞ்சை அவை தடுக்குமா?

இந்தக் கேள்வியை உலகத்தின் முன் வைத்த ஊர்களில் நம் ஊரும் ஒன்று. 1982இல் பல நாட்டு மக்கள் அமைப்புகள் பினாங்கில் கூடின. பூச்சிக்கொல்லிகளின் தீமையை எதிர்க்கும் ‘பான்’ என்ற அனைத்துலக அமைப்பு அங்கேதான் பிறந்தது. அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்தவற்றில் சஹாபாட் அலாம் மலேசியாவும் ஒன்று. 1985இல் ‘பான்’ தொடங்கிய இயக்கம் ஒழிக்கப்பட வேண்டிய நஞ்சுகளைப் பட்டியலிட்டது. அதில் பாராகுவாட்டும் இருந்தது. சுவீடன் அதை 1983இலேயே தடை செய்திருந்தது.

2002இல் ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகனித்தா, ‘பான்’ அமைப்புடன் சேர்ந்து தோட்டத் தொழிலாளர்களின் பாதிப்பை ஆய்வு செய்து வெளியிட்டது. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. ஆனால் 2006இல் அந்த முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2007இல் நீதிமன்றத் தீர்ப்பால் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் அனுமதி ரத்தானது. அப்போதும் இங்கிலாந்திலிருந்து பிற நாடுகளுக்கு ஏற்றுமதி தொடர்ந்தது. தன் வீட்டுக்கு ஆகாதது அடுத்த வீட்டுக்கு ஆகுமாம்!

மலேசியாவில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. முதல் முடிவிலிருந்து கணக்கிட்டால் 17 ஆண்டுகளுக்கும் மேல். ஐரின் 2014இல் மறைந்துவிட்டார். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல்லாண்டு நடத்திய எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019 மே மாதம் காலமானார். இருவருமே அந்த நாளைப் பார்க்கவில்லை.

ஆக, யார் பொறுப்பு? பயன்படுத்துபவர் கவனமாக இருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அவருக்கு வழியில்லை என்று தெரிந்தே விற்றவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. தெரிந்தும் அனுமதித்தவரும் முடியாது.

இன்று தோட்டங்களில் வேறு களைக்கொல்லிகள் வந்துவிட்டன. தெளிப்பானைச் சுமப்பவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் தாய்மார்களுக்காக நாம் கேட்ட கேள்வியை அவர்களுக்காகவும் கேட்போமா?