சரிவு ஏறாத உழவு இயந்திரம்: மலையகத்தில் பழைய இயந்திரங்களைப் பேணும் மரபு

பொகவந்தலாவையில் தேயிலை மலைக்குள் டிரக்டர் ஏறாது. 4,000 அடிக்கு மேற்பட்ட சரிவுகளில், வரிசைக்கு நாலடியும் செடிக்கு இரண்டடியுமாக நெருக்கி நட்ட செடிகள். இடையிடையே மழைநீரை மறிக்க வெட்டிய கான்கள். மனிதர் ஒதுங்கி நடக்கவே இடம் போதாத அந்த வரிசைக்குள் சில்லு வைத்த எதுவும் போக வழியில்லை. முள்ளும் மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியுமே அங்கு இன்றுவரை கருவிகள். கொழுந்து தலைச்சுமையாகவோ முதுகுச்சுமையாகவோ ரோட்டுக்கு வந்து, நிறுத்த பிறகுதான் டிரக்டரின் பெட்டியில் ஏறும்.

அப்படியிருக்க, பழைய இயந்திரங்களைப் பிரித்து, துருவைப் போக்கி, மறுபடி ஓடவைக்கும் கைத்திறன் இந்த மலைகளில் எப்படி வேர்விட்டது? மேற்கில் சின்னஞ்சிறு தோட்ட டிரக்டர்களைச் சேகரித்துப் புதுப்பிப்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு. அது தோன்றுவதற்கு முன்பே மலையகத்தில் அதே வேலை பிழைப்பாக நடந்துகொண்டிருந்தது. இந்த வேறுபாடு இன்று மீட்புப் பணியில் இறங்குபவர் எதைக் காப்பது, எதை மாற்றுவது என்பதையும் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் தோட்ட டிரக்டரின் பிறப்பு. அவுஸ்திரேலியாவின் கில்கண்ட்ராவில், 1912இல், கிளிஃபர்ட் ஹவார்ட் என்ற இளைஞர் தந்தையின் பண்ணை எஞ்சினைக்கொண்டு மண்ணைச் சுழற்றிக் கிளறிப் பார்த்தார். கலப்பை மண்ணைப் புரட்டி அழுத்தியது. சுழலும் கத்திகள் மண்ணைப் பொலபொலவென்று உதிர்த்தன. 1938இல் அவர் இங்கிலாந்தின் எசெக்ஸில் தொழிற்சாலை தொடங்கினார். போர்க்காலத்தில் வீட்டுத் தோட்டத்திலும் உணவு பயிரிட வேண்டிய நெருக்கடி அந்நாட்டில் இருந்தது. நடந்தபடியே கைப்பிடியைப் பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு டிரக்டர்களுக்கு அது நல்ல காலம்.

இலங்கை இந்தக் கதைக்குள் வருவது 1950களின் நடுவில். கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்துத் திரும்பிய ரே விஜேவர்தன (1924-2010), வயலில் எருமைகள் செய்த வேலையைச் செய்யக்கூடிய இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை வடிவமைத்தார். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் அருகே உற்பத்தியான அந்த ‘லேண்ட்மாஸ்டர்’ வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்குப் போனது. இங்கே அந்தப் பெயர் எல்லாக் கைடிரக்டருக்கும் பொதுப்பெயராகி, பின்னர் வந்த ஜப்பானிய, சீன இயந்திரங்களையும் சனங்கள் லேண்ட்மாஸ்டர் என்றே அழைத்தார்கள்.

விஜேவர்தன விமானம் ஓட்டியவர். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகுப் போட்டியில் இலங்கைக்காக இறங்கியவர். பின்னாளில் மொரட்டுவைப் பல்கலைக்கழக வேந்தர். இத்தனையையும்விட நமக்கு முக்கியமானது, தன் கண்டுபிடிப்பை அவரே பின்னர் கடுமையாக விமர்சித்தது. விவசாயத்தை இயந்திரமயமாக்குவதாக நினைத்து எருமையை மட்டுமே இயந்திரமயமாக்கிவிட்டோம் என்பது அவரது கணிப்பு. எருமை எருப் போடும், பால் தரும், கன்று ஈனும். எண்ணெயும் உதிரிப்பாகமும் கடல் கடந்து வரும்வரை காத்திருக்காது. அதன்பின் நைஜீரியாவின் இபதானில் மண்ணைக் கிளறாத வேளாண்மையை ஆராய்ந்து, சரிவு நிலங்களில் சமவுயரக் கோட்டில் கிளிரிசிடியா வேலி நட்டு மண்ணைக் காக்கும் முறையை இலங்கையில் வற்புறுத்தினார். உழவு இயந்திரம் ஏறாத மலைக்கு, உழவு இயந்திரம் செய்தவரே கடைசியில் வந்து சேர்ந்த வழி அது.

மலையகத்தின் இயந்திர வரலாறு தொடங்கியது மலையிலன்று, ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்துச் சனங்கள் வைத்த பெயர் அது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்டபோது, இலையை மேசைமேல் கையால்தான் உருட்டினார்கள். பிறகு அசாமில் வேலைபார்த்த வில்லியம் ஜாக்சனின் உருட்டு இயந்திரங்களும், கச்சாரில் தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன் பெல்ஃபாஸ்டில் செய்த ‘சிரோக்கோ’ உலர்த்திகளும் வந்தன. கோப்பிக் காலத்திலேயே, 1854இல், ஜோன் வோக்கர் கண்டியில் பட்டறை போட்டிருந்தார். 1875இல் தொடங்கிய பிரவுன் நிறுவனத்தின் வேர் ஹட்டனில் இருக்கிறது. தேயிலை இயந்திரங்களுக்காக மலையில் பிறந்த அந்த நிறுவனமே பின்னாளில் மெசி பெர்குசன் டிரக்டர்களை நாடெங்கும் விற்றது. சென்னை செம்பியத்தில் டாஃபே தயாரித்தவையும் அந்த வழியாகவே வந்தன.

ஸ்டோரில் நீர்ச்சக்கரம், நீராவி, எண்ணெய் எஞ்சின் என்று சுழற்றும் சக்தி மாறிக்கொண்டே வந்தது. ஒரே நீண்ட இரும்புத் தண்டிலிருந்து தோல் பெல்ட்கள் வழியாக எல்லா இயந்திரமும் ஓடும். பெல்ட் ஒன்று அறுந்தால் வாடிய இலை புளித்துப்போகும். கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை இலை காத்திருக்காது. ஆகவே தோட்டத்திலேயே பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் உருவானார்கள். அவர்களுக்குப் பட்டமோ சான்றிதழோ கிடையாது. துரைமார் எழுதிய நினைவுநூல்களில் எஞ்சினின் பெயர் இருக்கும்; அதை ஓட்டியவரின் பெயரைத் தேடினால் கிடைக்காது. 1950இல் லக்ஸபான மின்நிலையம் இயங்கத் தொடங்கி, மின்கம்பிகள் மெல்ல மெல்லத் தோட்டங்களை எட்டியதும் அந்த எஞ்சின்கள் மூலைக்குப் போயின. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் இறங்கும் கெஹெல்கமு ஓயாவின் தண்ணீரும் அந்த மின்னாக்கத்தில் சேர்ந்தது.

1948இல் லேண்ட் ரோவர் வந்தது. வில்க்ஸ் சகோதரர்கள் அதைப் பண்ணை வேலைக்கென்றே உருவாக்கினார்கள். எஞ்சினிலிருந்து பெல்ட் இழுத்து அறுவை இயந்திரம் ஓட்டவும் அதில் வழி வைத்தார்கள். மலையகத்தில் அது துரையின் வாகனமாகிவிட்டது. அதே காலத்து சாம்பல் நிறப் பெர்குசன் டிரக்டர்களின் ஒரு வகை மண்ணெண்ணெயிலும் ஓடும்: பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். சூடேறுமுன் மாற்றினால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் எண்ணெயைக் கெடுத்துவிடும். பொறுமையில்லாதவர் கையில் பல எஞ்சின்கள் அப்படித்தான் செத்தன.

திருப்புமுனை 1970-77 காலம். அந்நியச் செலாவணி முடையால் இறக்குமதி இறுகியது. தோட்டங்கள் அரசுடைமையானதும் அப்போதுதான்: 1972 சட்டமும் 1975 திருத்தமும். புதிய உதிரிப்பாகம் வராது என்று தெரிந்ததும் பட்டறைகள் தாமே செய்யத் தொடங்கின. வெண்கலப் புஷ் லேத்தில் கடையப்பட்டது. உடைந்த பல்சக்கரத்துக்கு உலோகம் ஒட்டிப் பல் வெட்டப்பட்டது. ஆங்கிலேயச் சட்டகத்தில் ஜப்பானிய எஞ்சின் உட்கார்ந்தது. இந்த ஒட்டுவேலை தீவு முழுவதும் பரவியிருந்தது. 1990களில் மொரிஸ் மைனர் காருக்கான உதிரிப்பாகங்களைத் தென்னிலங்கையில் செய்து, அந்தக் காரின் தாய்நாட்டுக்கே ஏற்றுமதி செய்யும் அளவுக்கு அத்திறன் வளர்ந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குக் கைமாறிய பின்னர் ஸ்டோர்கள் பல மூடின. கண்டியை அடுத்த ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. கந்தப்பளை ஹெதர்செட் ஸ்டோர் ஹோட்டலாகி, தன் பழைய எஞ்சினை உள்ளே வைத்திருக்கிறது. இப்படிப் பிழைத்தவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை கிலோக் கணக்கில் பழைய இரும்பாகப் போயின.

இப்போது ஒரு கைடிரக்டரை மீட்பதைக் கிட்டே வந்து பார்க்கலாம். மலையகத்தின் முதல் எதிரி ஈரம். வருடக்கணக்கில் கிடந்த எஞ்சினில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்திருக்கும். சுத்தியலால் அடிப்பது கூடாது. பிளக் துளை வழியாக டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றி, நாட்கணக்கில் ஊறவிட்டு, சக்கரத்தை முன்னும் பின்னும் விரலளவு அசைத்துப் பார்க்க வேண்டும். பெற்றோல் எஞ்சினானால் அடுத்தது மக்னெட்டோ. ஈரம் குடித்த காயில் பொறி தராது; மெல்லிய சூட்டில் உலர்த்தி, பொயின்ட் முனைகளை நுண்தாளால் துடைத்தால் பாதிக்கு மேல் உயிர்பெற்றுவிடும். தாங்கியில் துரு என்றால் சல்லியும் சங்கிலித் துண்டும் போட்டுக் குலுக்குவார்கள். கியர்பெட்டியைத் திறந்ததும் பெயாரிங் வளையத்தில் பொறித்த எண்ணைப் பார்ப்பது முக்கியம். 6205 என்றிருந்தால் உள்விட்டம் 25 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 52, தடிப்பு 15. எந்த நாட்டு இயந்திரத்துக்கும் அதே அளவு, ஹட்டன் கடையிலும் கிடைக்கும். பல்சக்கரங்களுக்கு அந்த வசதி இல்லை. அவற்றுக்கு லேத் பட்டறைதான் கதி.

ஆங்கிலேயச் சேகரிப்பாளர்கள் ஆலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தபடி ஒவ்வொரு ஆணியும் இருக்க வேண்டும் என்பார்கள். அந்தக் காலத்துப் பச்சையோ சிவப்போ தேடிப் பூசுவார்கள். அவர்களுடைய வரலாறு ஆலையில் எழுதப்பட்டது. அவர்களுக்கு அது பொருந்தும். நம்முடைய இயந்திரங்களின் வரலாறு ஆலைக்கு வெளியேதான் எழுதப்பட்டது. ஒட்டுப்போட்ட கைப்பிடி, மாற்றிய எஞ்சின், உள்ளூரில் வார்த்த மூடி ஆகியவற்றைக் கழற்றி எறிந்துவிட்டு இணையத்தில் அசல் பாகம் தருவித்துப் பூட்டினால், 1970களின் முடைக்கும் அதைச் சமாளித்த பெயரில்லாக் கைகளுக்கும் மிஞ்சியிருக்கும் ஒரே ஆவணத்தை அழித்தவர்களாவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபோது பழைய இயந்திரங்களின் மதிப்பு மறுபடி ஏறியது. அப்போது தேடப்பட்டவர்கள் இந்தக் கைகளிடம் தொழில் படித்தவர்களே.

ஆகவே வாசகர்களிடம் ஒரு கேட்பு. பங்களாவின் பின்கட்டிலோ மரக்கறித் தோட்டத்து மூலையிலோ மூடிய ஸ்டோரிலோ பழைய எஞ்சின், கைடிரக்டர், உருட்டு இயந்திரம் எது கிடந்தாலும், இரும்புக் கடைக்கு ஏற்றுமுன் அதன் பித்தளைத் தகட்டிலுள்ள பெயரையும் இலக்கத்தையும் எழுதி வையுங்கள். படம் எடுங்கள். ஒட்டுப்போட்ட இடங்களையும் சேர்த்து எடுங்கள். அதை ஓட்டியவரோ பழுதுபார்த்தவரோ உயிரோடிருந்தால், அவருடைய பெயரைக் கேட்டு அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.