விழுங்கல் அகநோக்கி ஆய்வுகளின் அறிக்கைத் தரங்கள்

விழுங்கல் அகநோக்கி மதிப்பீடு என்பது, எண்டோஸ்கோப் எனப்படும் வளையக்கூடிய மெல்லிய அகநோக்கியை மூக்கின் வழியே தொண்டைக்குச் செலுத்தி, ஒருவர் உணவையும் நீரையும் எவ்வாறு விழுங்குகிறார் என்பதை நேரடியாகக் காணும் மருத்துவச் சோதனை ஆகும். பக்கவாதம், பார்க்கின்சன் நோய், தலை மற்றும் கழுத்துப் புற்றுநோய் போன்றவற்றால் விழுங்கற் குறைபாடு உற்றோருக்கு இது செய்யப்படுகிறது. இச்சோதனையைப் பயன்படுத்தும் ஆய்வுக் கட்டுரைகளில் எவ்விவரங்கள் கட்டாயம் இடம்பெறவேண்டும் என்று வரையறுப்பவை அறிக்கைத் தரங்கள் எனப்படும்.

பின்னணி

அமெரிக்காவைச் சேர்ந்த சூசன் லாங்மோர், கென்னத் ஷாட்ஸ், நெல்ஸ் ஓல்சன் ஆகியோர் 1988 இல் இம்முறையை விவரித்து வெளியிட்டனர். அதுவரை, பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்சுகதிர் நிகழ்படம் எடுப்பதே முதன்மையான வழியாக இருந்தது. அகநோக்கி முறையில் கதிர்வீச்சு இல்லை. நோயாளியின் படுக்கையருகிலேயே செய்யலாம்.

ஆயினும் இதற்கு ஒரு குறை உண்டு. விழுங்கும் கணத்தில் நாவின் அடிப்பகுதியும் தொண்டைச் சுவரும் நெருங்கி அகநோக்கியின் முனையைச் சூழ்ந்துகொள்வதால், ஒளி தெறித்துப் படம் முழுதும் வெண்மையாகிவிடும். ஆகவே அக்கணத்தில் நிகழ்ந்ததை, பின்னர் குரல் நாண்களின் கீழே தென்படும் எச்சத்தைக் கொண்டே ஊகிக்கவேண்டியுள்ளது. ஊகம் சேர்கின்ற இடத்தில், எவ்வாறு ஊகிக்கப்பட்டது என்பதையும் எழுதவேண்டும்.

புரையேறல் அளவுகோல்

தமிழில் புரையேறுதல் என்றாலே இருமலும் சேர்ந்தே நினைவுக்கு வரும். மருத்துவத்திலோ, உணவு குரல் நாண்களைக் கடந்து மூச்சுக்குழாய்க்குள் செல்வதே புரையேறல். இருமலே இன்றியும் அது நிகழலாம். இத்தகைய ஓசையற்ற புரையேறல் நுரையீரல் அழற்சிக்கு வழிகோலக்கூடும். 1996 இல் ரோசன்பெக் குழுவினர் வெளியிட்ட 8 படிநிலை அளவுகோலில் 1 என்பது எதுவும் மூச்சுப்பாதையில் நுழையாத நிலை; 2 முதல் 5 வரை குரல் நாண்களைக் கடவாத ஊடுருவல்; 6 முதல் 8 வரை புரையேறல். கடைசிப் படியான 8 ஓசையற்ற புரையேறலைக் குறிக்கும்.

இவ்வளவுகோல் எக்சுகதிர் நிகழ்படத்துக்காக உருவாக்கப்பட்டது; பின்னரே அகநோக்கிக்கும் எடுத்தாளப்பட்டது. 2007 இல் வெளிவந்த ஒரு பிரித்தானிய ஆய்வில் ஒரே விழுங்கல்கள் இரு கருவிகளாலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யப்பட்டன. மதிப்பிட்டவர்கள் அகநோக்கிப் படத்துக்குக் கூடுதலான படிநிலையை வழங்கினர். நோயாளியும் ஒருவரே, விழுங்கலும் ஒன்றே. எண் மட்டும் மாறியது. அவ்வெண்ணைக் கொண்டே ஒருவருக்கு வாய்வழி உணவு அளிப்பதா, குழாய்வழி உணவு அளிப்பதா என்று முடிவு செய்யப்படுவதுண்டு என்பதால் இவ்வேறுபாடு சிறியதன்று.

மேலும் இது வரிசை அளவுகோல் ஆகும். படி 2க்கும் 3க்கும் உள்ள இடைவெளி 7க்கும் 8க்கும் உள்ளதற்குச் சமம் என்று கொள்ள இயலாது. எனவே சராசரி 3.4 என்று மட்டும் எழுதும் கட்டுரை, எத்தனை பேருக்குப் புரையேறியது என்ற அடிப்படை வினாவுக்கே விடை தருவதில்லை. ஒவ்வொரு படியிலும் எத்தனை விழுங்கல்கள் என்ற பரவலைத் தருவதே பயனுடையது.

குறிப்பிட வேண்டிய விவரங்கள்

முதலாவது, உணவின் நிறம். தொண்டையின் உட்பரப்பு இளஞ்சிவப்பாதலால் நிறமற்ற நீர் எளிதில் புலப்படாது. நீலம், பச்சை அல்லது வெண்மைச் சாயம் சேர்ப்பது வழக்கம். எச்சாயம், எவ்வளவு என்பது குறிக்கப்படாவிடில் இரு ஆய்வுகளின் புரையேறல் விகிதங்களை ஒப்பிடுதல் பொருளற்றது.

அடுத்தது உணவின் தடிமன். "தேன் போன்றது" என்னும் விவரிப்பு ஆளுக்கு ஆள் மாறும். 2013 இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு முயற்சியொன்றின் பயனாக 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் வகுக்கப்பட்டன. 10 மில்லிலிட்டர் ஊசிக்குழலில் நீர்மத்தை நிரப்பி, 10 நொடி வழியவிட்டு, எஞ்சியதை அளக்கவேண்டும்: 1 மில்லிலிட்டருக்குக் குறைவெனில் நிலை 0, 4 முதல் 8 வரை எனில் நிலை 2. இவ்வளவு எளிய சோதனை இருக்க, எண்ணைக் குறிக்காமல் விடுவதற்குக் காரணம் ஏதுமில்லை. ஒவ்வொரு வாயின் அளவு, எத்தனை முறை கொடுக்கப்பட்டது, மூக்கில் மரப்பு மருந்து இடப்பட்டதா என்பனவும் தேவை.

மதிப்பிட்டவர் யார், அவருக்கு எத்தகைய பயிற்சி, நோயாளியின் சிகிச்சை விவரம் அவருக்கு மறைக்கப்பட்டிருந்ததா, படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தாரா, இருவர் மதிப்பிட்டால் எவ்வளவு ஒத்துப்போயினர் ஆகியவையும் இன்றியமையாதவை. இவையின்றி வரும் முடிவு, பதிப்பெண் குறிக்காத மென்பொருள் வழு அறிக்கையைப் போன்றது. படிக்கலாம், மீண்டும் நிகழ்த்திக் காட்ட இயலாது. தொண்டையில் தங்கும் எச்சத்துக்கென 2015 இல் வெளிவந்த யேல் அளவுகோல், ஒவ்வொரு நிலைக்கும் மாதிரிப் படத்தை இணைத்திருப்பது மதிப்பிடுவோரிடையே வேறுபாட்டைக் குறைக்கும் நோக்குடையதே.

பொதுவான வழிகாட்டிகள்

சமவாய்ப்புச் சோதனைகளுக்கு 1996 இல் கன்சார்ட் வழிகாட்டியும், நோயறிதல் துல்லிய ஆய்வுகளுக்கு 2003 இல் ஸ்டார்ட் வழிகாட்டியும் வெளியாயின. பின்னது 2015 இல் 30 உருப்படிகளாகத் திருத்தப்பட்டது. எல்லா மருத்துவத் துறைகளுக்கும் பொதுவானவை என்பதால் இவை சாயத்தையோ தடிமனையோ பெயர்சொல்லிக் கேட்பதில்லை; சோதனையைப் பிறர் திரும்பச் செய்யுமளவு விவரிக்கவேண்டும் என்று மட்டுமே ஸ்டார்ட் கோருகிறது. துறைக்கெனத் தனிப்பட்டியல் வேண்டும் என்னும் வாதம் இங்கிருந்தே எழுகிறது. எனினும் இப்பட்டியல்கள் அறிக்கையின் முழுமையையே அளக்கின்றன. எல்லா உருப்படிகளையும் நிறைவுசெய்த கட்டுரையின் ஆய்வுமுறை பழுதுடையதாகவும் இருக்கலாம். அப்பழுது வாசகரின் கண்ணுக்குத் தெரியும் என்பதே வேறுபாடு.