தொப்பம்பட்டிக் கள்ளும் பெல்ஜியம் ஷாம்பெயின் பீரும்

போன மாசம் பெங்களூருல நண்பன் ஒருத்தன் 'டியூஸ்' பாட்டிலைத் திறந்தான். பெல்ஜியத்தின் பாஸ்டீல்ஸ் கம்பெனி காய்ச்சுற பொன்னிற ஏல், ஆல்கஹால் 11.5 சதவீதம். பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதிக்க வச்சு, பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில, கழுத்துல சேர்ற ஈஸ்ட்டை வெளியே எடுக்குறாங்க. நாக்குல பொடிப்பொடியா நுரை, அப்புறம் பழ வாசனை, கடைசியில தொண்டையில ஒரு சூடு.

எனக்கு ஞாபகம் வந்தது பழனி பக்கத்துத் தொப்பம்பட்டி தென்னந்தோப்புதான். பாளையைச் சீவி கலயம் கட்டினா போதும், காத்துல இருக்கிற ஈஸ்ட்டே வேலையை ஆரம்பிச்சிடும். சர்க்கரை ஆல்கஹாலாவும் கார்பன் டை ஆக்சைடாவும் மாறும். அங்கேயும் நுரைக்குக் காரணம் அதே வேதியியல்தான். கலயத்துல சுண்ணாம்பு தடவினா நொதிக்காது, அது தெளுவு. தடவலைன்னா கள். ரெண்டு நாள் விட்டா புளிச்சுடும்.

இப்போ வரலாறு. 1937-ல ராஜாஜி சேலத்துல மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-ல கருணாநிதி ஆட்சி கடைகளைத் திறந்துச்சு. 1973-ல கள்ளுக்கடைகளை மூடுச்சு. 1981-ல எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. இன்னிக்கும் டாஸ்மாக்ல பீர் கிடைக்கும். கள் இறக்கினா வழக்கு. பக்கத்துப் பாலக்காட்டுல அதே கள் லைசென்ஸ் கடையில விக்குது.

கலப்படம் நடக்கும்னு அரசு சொல்லுது. அந்தப் பயம் நியாயம்தான். ஆனா பீரைச் சோதிச்சு விக்கத் தெரிஞ்ச நமக்கு, கள்ளைச் சோதிக்கத் தெரியாதா? மரம் ஏறுறவர் கேட்கிறது அதைத்தான்.