ஹைகேட் காட்டேரி பிறந்த கதை

வடக்கு லண்டனில், மேட்டில் இருக்கும் ஹைகேட் பகுதியில் ஸ்வெயின்ஸ் லேன் என்று செங்குத்தாக ஏறும் ஒரு குறுகிய சாலை. இரு பக்கமும் கல்லறைத் தோட்டம். கிழக்குப் பாதியில் கார்ல் மார்க்ஸ், மேற்குப் பாதியில் மைக்கேல் ஃபாரடே. அந்த மேற்குப் பாதியில்தான் 1970ஆம் ஆண்டு, சரியாக ஐந்தே வாரத்தில், ஒரு இரத்தக்காட்டேரி பிறந்தது.

பிறந்தது ஐந்து வாரத்தில் என்றாலும், கரு உருவாகி நெடுநாள் ஆகியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் மக்கள் பெருகினார்கள். மாதாகோவில் வளாகங்களில் பிணம் புதைக்க இடமில்லை. அதனால் ஊரைச் சுற்றித் தனியார் நிறுவனங்களே கல்லறைத் தோட்டங்கள் அமைக்க அரசு அனுமதி கொடுத்தது. அப்படி அமைந்த ஏழில் ஒன்று ஹைகேட். 1839 மே மாதம் திறந்தார்கள். எகிப்தியத் தூண்கள் வைத்த நுழைவாயில், ஒரு பெரிய தேவதாருவை நடுவில் வைத்து வட்டமாகக் கட்டிய நிலவறைகள் என்று செல்வர்கள் விரும்பும்படி கட்டினார்கள். ஒரு கல்லறைத் தோட்டம் பேய்க்கு வீடாவது எப்படி என்று யாராவது கேட்டால், நான் முதலில் இந்த நிறுவனத்தின் கணக்கைத்தான் காட்டுவேன். குழிக்கு ஒருமுறை பணம் வாங்கினால் அது நிரந்தரமாக அந்தக் குடும்பத்துக்கு. நிலம் முழுவதும் விற்றுத் தீர்ந்தபின் வருமானம் ஏது? ஆனால் புல் வளர்வது நிற்காதே. உலகப் போர்கள் தோட்டக்காரர்களைக் கொண்டுபோயின. 1960 வாக்கில் நிறுவனம் கைமாறியது. காட்டு மரக்கன்றுகள் கல்லறைகளைப் பிளந்துகொண்டு மேலே வந்தன, ஐவிக்கொடி சிலைகளை மூடியது. 1969இல் ஒரு டிராகுலா படத்தின் காட்சிகளை அங்கேயே எடுத்தார்கள்; அந்தப் பாழ் அப்படியே செட்டாகப் பயன்பட்டது.

1970 பிப்ரவரி 6. வட்டாரப் பத்திரிகையான 'ஹாம்ப்ஸ்டட் அண்ட் ஹைகேட் எக்ஸ்பிரஸி'ல் டேவிட் ஃபாரன்ட் என்ற இளைஞரின் கடிதம் வந்தது. இரவில் ஸ்வெயின்ஸ் லேனில் போகும்போது, கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவுக்கு உள்ளே சாம்பல் நிற உருவம் ஒன்றை மூன்று முறை கண்டதாகவும், வேறு யாராவது கண்டதுண்டா என்றும் எழுதியிருந்தார்.

பதில்கள் வந்து குவிந்தன. இந்தக் கதையில் நான் அதிகம் யோசித்தது இந்தப் பதில்களைத்தான். தொப்பி வைத்த நெட்டை மனிதன் என்றார் ஒருவர். சைக்கிளில் வரும் ஆவி என்றார் இன்னொருவர். வெள்ளை உடுத்திய பெண், கம்பிகளுக்கிடையே முறைக்கும் முகம், குளத்துக்குள் இறங்கிப் போகும் உருவம், காரணமில்லாமல் கேட்ட மணியோசை. பின்னாளில் இந்த நிகழ்ச்சியை ஆராய்ந்த நாட்டார் வழக்காற்றியலாளர் பில் எல்லிஸ், ஒரு கடிதத்தில் உள்ள பேய் இன்னொரு கடிதத்தில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். அதாவது அங்கே ஒரு பேய் இல்லை, ஆளுக்கொரு பேய் இருந்தது. அதே லண்டனில் 1882இல் தொடங்கிய ஆவியுலக ஆய்வுச் சங்கத்தினர், சாட்சி சொன்னதை எழுதி வாங்கி, அதைத் தாங்குவதற்கு வேறு ஆதாரம் உண்டா என்று தேடினார்கள். ஹைகேட்டில் அந்தப் பொறுமைக்கு யாரும் இடம் தரவில்லை. ஒருவர் கண்டதைப் படித்துவிட்டுத்தான் அடுத்தவர் பேனாவை எடுத்தார்.

சிதறிக் கிடந்த இந்த உருவங்களுக்கெல்லாம் ஒரே பெயர் கிடைத்தது பிப்ரவரி 27இல். ஷான் மான்செஸ்டர் என்ற இன்னொருவர் அதே பத்திரிகையில் பேசினார்: அது வெறும் ஆவியல்ல, காட்டேரிகளின் அரசன், பழைய வலாக்கியா நாட்டுப் பிரபு, பதினெட்டாம் நூற்றாண்டில் சவப்பெட்டியோடு இங்கிலாந்துக்கு வந்தவன். நாவலில் டிராகுலாவும் பெட்டிகளோடுதான் கப்பலேறுகிறான். சைக்கிள் ஆவியும் வெள்ளை உடுத்திய பெண்ணும் அதோடு பேச்சிலிருந்தே போய்விட்டார்கள்.

மார்ச் 13, வெள்ளிக்கிழமை. பதின்மூன்றும் வெள்ளியும் சேர்ந்தால் ஆங்கிலேயர்களுக்கு ஆகாத நாள். அன்று மாலை ஐடிவி தொலைக்காட்சியில் ஃபாரன்டும் மான்செஸ்டரும் பேசினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். போலீஸ் தடுத்தும் சுவரேறிக் குதித்தார்கள். அந்த இரவு காட்டேரி யார் கையிலும் சிக்கவில்லை.

சிக்கியவர்கள் வேறு. அந்த ஆண்டு ஆகஸ்டில், நிலவறைகளுக்கு அருகே ஒரு பெண்ணின் உடல் வெளியே கிடந்தது. தலை இல்லை, எரிக்கப்பட்டிருந்தது. யாரோ ஒரு குடும்பம் அழுது, பணம் கட்டி, 'இனி நிம்மதியாகத் தூங்கு' என்று விட்டுப்போன உடல். அதே மாதம் ஃபாரன்ட் சிலுவையும் கூரிய மரக்கட்டையுமாகப் போலீசில் பிடிபட்டார், வழக்கு தள்ளுபடியானது. உடலைச் சிதைத்தது யாராக இருந்தாலும், அந்தப் பெண்ணுக்கு நடந்தது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இருப்பதாகச் சொன்ன ஒன்றைத் தேடிப் போனவர்கள், உண்மையிலேயே அங்கே இருந்தவர்களைக் காலில் போட்டு மிதித்தார்கள். 53,000 குழிகளில் ஏறக்குறைய 1,70,000 பேர் அங்கே இருக்கிறார்கள்.

1975இல் பணமில்லாமல் மேற்குப் பாதியின் கதவைச் சாத்தினார்கள். அதே ஆண்டு ஊர்க்காரர்கள் கூடி 'ஹைகேட் கல்லறைத் தோட்ட நண்பர்கள்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தன்னார்வலர்கள் புதரை வெட்டினார்கள், சாய்ந்த கற்களை நிமிர்த்தினார்கள், பாதையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1981இல் நிலம் அவர்கள் பொறுப்புக்கு வந்தது. பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்கிப் பராமரிக்கிறார்கள். மரத்தை மட்டும் அடியோடு அழிக்கவில்லை. கல்லும் காடும் சேர்ந்தே இருக்கும்படி விட்டிருக்கிறார்கள்.

2022இல் நாடாளுமன்றம் ஹைகேட்டுக்கென்று தனிச் சட்டம் ஒன்று இயற்றியது. யாரும் உரிமை கோராத பழைய குழிகளை, முறைப்படி அறிவிப்புக் கொடுத்த பிறகு, மறுபடி பயன்படுத்தலாம். முதல் நிறுவனத்துக்கு இல்லாமல் போன வருமானம் இனி வரும். புல் வெட்ட ஆள் இருப்பார்கள்.