பள்ளியும் பள்ளிக்கூடமும்: கல்முனைக் கரையில் பிள்ளைகள் இறைவணக்கம் கற்ற கதை

தொழும் இடத்துக்கும் படிக்கும் இடத்துக்கும் தமிழ் ஒரே வேர்ச்சொல்லை வைத்திருக்கிறது. இலங்கையின் கிழக்கே, கல்முனைக் கரையில் அந்தச் சொல் இன்றும் இரண்டு பொருளிலும் புழங்குகிறது. ஒருவர் பள்ளிக்குப் போகிறார் என்றால் தொழுகைக்கு. பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்றால் பாடத்துக்கு. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி அமைந்த இந்த ஒடுங்கிய கரையில், இறைவனை அழைப்பதற்கும் சொற்கள் பல. முஸ்லிம் வீட்டில் தொழுகையும் துஆவும்; சைவ வீட்டில் வழிபாடு; மெதடிஸ்தர் வீட்டில் ஜெபம்; கத்தோலிக்கர் அதையே செபம் என்று எழுதுகிறார்கள். இத்தனை வீடுகளுக்கு நடுவே கிறிஸ்தவ மிஷன் ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டி, அங்கே வரும் பிள்ளைகளுக்குத் தன் ஜெபத்தைக் கற்பித்தது. அந்த முயற்சி எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை என்று பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகிறது. பிள்ளையின் இறைவணக்கம் வீட்டில் வேர்விடுகிறது. பள்ளிக்கூடம் அந்த வேருக்குத் தண்ணீர் ஊற்றலாம். தானே வேராக முடியாது.

பிள்ளைகளைக் கொண்டு ஒரு சமூகத்தையே ஜெபிக்க வைக்கலாம் என்ற எண்ணம் தமிழ்க் கரைகளில் மிகப் பழையது. 1542இல் இந்தியாவுக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறையின் பரதவர் ஊர்களில் செய்த வேலையே அதன் தொடக்கம். விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் பிறர் துணையோடு தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை அடித்தபடி தெருத்தெருவாகச் சென்று சிறுவரைக் கூட்டினார்; நாளுக்கு இருமுறை கற்பித்தார். கற்றதை வீட்டிலும் அயலிலும் சொல்லிக்கொடுக்கும்படி அவர்களிடமே ஒப்படைத்தார். நோயாளியின் வீட்டில் செபம் சொல்லவும் சிறுவர்களே போனார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இதே தேவையிலிருந்து பிறந்தது. தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூலே செபம் கற்பிக்கும் நூல்தான். சவேரியாரின் முயற்சி நிலைத்ததற்குக் காரணம், அந்தச் சமூகம் முழுவதும் ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றிருந்தது. பிள்ளை கொண்டுவந்த செபத்தை வாங்கிக்கொள்ள வீடு கதவைத் திறந்து வைத்திருந்தது. ஆனால் அந்த முயற்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. பெரியவர்கள் மறைவாக வணங்கிய உருவங்களைச் சிறுவர்கள் காட்டிக்கொடுத்து உடைத்ததைச் சவேரியார் தம் கடிதத்தில் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். செபம் கற்ற பிள்ளை பெற்றவருக்கு எதிராக நிறுத்தப்படலாம் என்பதும் அந்த நாளிலேயே தெரிந்துவிட்டது.

கிழக்குக் கரை முஸ்லிம்களின் நினைவில் மிஷன் என்பது முதலில் ஆட்சியின் இன்னொரு கையாகத்தான் வந்தது. போர்த்துக்கீசர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய 1626ஐ ஒட்டிய காலத்தில், கண்டி மன்னன் செனரத் ஏறக்குறைய 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாற்றாசிரியர்கள் எடுத்துச்சொல்லும் செய்தி. பின்னர் வந்த ஒல்லாந்தர் வாளைவிடப் பதிவேட்டை நம்பினார்கள். தம் ஆட்சிப் பகுதிகளில் கோயிற்பற்றுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்கள். வினாவிடையையும் ஜெபத்தையும் ஒப்பிக்க வைத்தார்கள். வராத பிள்ளைக்காகத் தண்டம் வாங்கினார்கள். திருமணப் பதிவும் அரச பதவியும் ஞானஸ்நானத்தோடு கட்டப்பட்டிருந்தன. ஏட்டில் கிறிஸ்தவர் தொகை பெருகியது. 1796இல் ஆட்சி பிரித்தானியரிடம் போய், கட்டாயம் தளர்ந்ததும், அந்தத் தொகை சில ஆண்டுகளிலேயே கரைந்தது. நூறாண்டுக்கு மேல் பிள்ளைகள் ஒப்பித்த ஜெபம் வீடுகளில் நிற்கவில்லை. சான்றிதழுக்காகக் கற்ற ஜெபம், சான்றிதழ் தேவைப்படாத நாளில் நாவிலிருந்து இறங்கிவிட்டது.

1814இல் வந்த வெஸ்லியன் மெதடிஸ்த ஊழியர்கள் இந்தத் தோல்வியை அறிந்தே வந்தார்கள். தலைவர் தாமஸ் கோக் கப்பலிலேயே இறந்துபோக, மீதிப்பேர் காலியில் இறங்கினார்கள். அவர்களில் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தார். எட்டு மாதங்கள் போலத்தான் உழைத்தார். அதற்குள் பள்ளிக்கூடங்களைத் தொடங்கிவிட்டு, 1815 ஏப்ரலில் நோயால் இறந்தார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதை அந்த 1814இலிருந்தே எண்ணுகிறது. தெற்கே கல்முனையிலும் மெதடிஸ்தப் பள்ளிக்கூடம் எழுந்தது. இன்றைய உவெஸ்லி உயர்தரப் பாடசாலை அந்த மரபில் வந்தது. இவர்களிடம் தண்டமும் கட்டாயமும் இல்லை. காலையில் ஜெபத்தோடு பாடசாலை தொடங்கும். வேத பாடம் நடக்கும். பிறகு கணக்கும் மொழியும். கல்வியைத் தேடி வரும் பிள்ளை ஜெபத்தையும் கேட்டுப் போகட்டும், விதை எங்கேனும் முளைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதை வெறும் தந்திரம் என்று தள்ளிவிடுவது நேர்மையல்ல. உறவினர் முகம் பாராமல் அந்நிய மண்ணில் உயிரை விட்டவர்கள், தாம் மிக மேலானதென்று நம்பியதைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க வந்தார்கள். ஆனால் விதை முளைத்த அளவு மிஷன் தலைமைகளையே கலங்க வைத்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி, 1855இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி அரச உத்தியோகத்துக்குப் படியாகிறதே தவிரத் திருச்சபையை வளர்க்கவில்லை என்ற மனக்குறை அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது.

கல்முனைக் கரையின் முஸ்லிம் ஊர்களில் அந்த விதை ஏறக்குறைய முளைக்கவேயில்லை. காரணத்தை வெறும் பிடிவாதத்தில் தேட வேண்டியதில்லை. பிள்ளை எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதில் தேட வேண்டும். ஏழு வயதில் பிள்ளையைத் தொழச் சொல்லிப் பழக்க வேண்டும் என்பது நபிமொழி வழி வந்த நெறி. அந்த வயதுக்கு முன்பே, பெரியவர் தொழும்போது பக்கத்தில் நின்று குனிந்து நிமிர்ந்து பிள்ளை உடம்பால் தொழுகையைக் கற்றுவிடுகிறது. வுழூச் செய்வதும் சிறு சூராக்களை ஓதுவதும் அதன்மேல் வந்து சேர்கின்றன. குர்ஆன் ஓதக் கற்பிக்கும் லெப்பையிடம் போவது அதற்கு அடுத்த படி. இந்தக் கரையின் குடிமுறை தாய்வழியானது. மணமான மகள் தாய்வீட்டிலோ அதன் அருகிலோ வாழ்வதால், பிள்ளையைச் சுற்றித் தாயும் உம்மம்மாவும் பெரியம்மா சின்னம்மாமாரும் இருக்கிறார்கள். கேள்வி பதிலாகச் சமயம் கற்பிப்பதும் இவர்களுக்குப் புதிதல்ல. வண்ணப் பரிமளப் புலவரின் ‘ஆயிர மசலா’ 1572லேயே வினாவும் விடையுமாகத் தமிழில் இஸ்லாத்தைச் சொன்னது. மிஷன் பள்ளிக்கூடத்தின் காலை ஜெபம் வந்து சேர்ந்தபோது, பிள்ளையின் நாளில் ஐந்து நேரம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். மிஷன் ஜெபத்துக்குப் பயந்து பள்ளிக்கூடத்தையே ஒதுக்கியதால்தான் முஸ்லிம்கள் கல்வியில் பிந்தினார்கள். வீட்டின் வலிமையைப் புகழ்வது அந்த இழப்பை மறைப்பதாகாதா? இழப்பு உண்மையானது. அதை முதலில் உரத்துச் சொன்னவரே கண்டியின் அறிஞர் சித்தி லெப்பைதான். 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையில் அவர் ஓயாமல் எழுதியது இதைப் பற்றித்தான். ஆனால் அவர் கண்ட மருந்தைக் கவனிக்க வேண்டும். பயத்தை விட்டுவிட்டு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போங்கள் என்று அவர் சொல்லி நிறுத்தவில்லை; தொழுகையும் நவீனக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பள்ளிக்கூடங்களைக் கட்ட முனைந்தார். 1892இல் மருதானையில் தொடங்கிய மத்ரஸாவே பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. கல்முனைக்கு அந்த அலை ஐம்பது ஆண்டு கழித்து வந்தது. 1942இல் உதவி அரசாங்க அதிபராக இங்கு வந்த ஏ. எம். ஏ. அஸீஸ் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். அதன் அனுபவமே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கு வழிகாட்டியது. 1949இல் கல்முனை ஸாஹிராக் கல்லூரி பிறந்தது. பெற்றோரின் பயம் நியாயமானது. அது தீர்ந்தபின் பிள்ளைகள் திரண்டு வந்ததே அதற்குச் சாட்சி.

இன்னொரு மறுப்பு காரைதீவிலிருந்து வருகிறது. 1892இல் அங்கே பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்தப் பள்ளிக்கூடத்திலும் பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்து, சுவாமி விபுலாநந்தராக உயர்ந்தார். வைகறையில் ஒரு சமயத்தையும் பகலில் இன்னொரு சமயத்தின் ஜெபத்தையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். ஒன்றும் கெடவில்லை, கண்ணகி அம்மன் கோயிலின் ஊரும், தமிழும் சைவமும் ஊட்டிய வீடும் அவருக்குப் பின்னால் இருந்தன. அஸீஸும் அப்படித்தான், யாழ்ப்பாணத்தில் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும் படித்த முஸ்லிம் பிள்ளை அவர். இவர்கள் இருவரும் என் வாதத்தை உறுதிப்படுத்துகிறார்கள். வலிய வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்திலும் தன்னை இழக்காது. பிற சமயத்தை மதிக்கவும் கற்கும். ஆனால் விபுலாநந்தர் வளர்ந்தபின் செய்தது என்ன? இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைப் பொறுப்பேற்று, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்தார். தம்மைப் போன்ற பின்புலம் எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்காது என்பதை அவர் அறிந்திருந்தார். நலிந்த வீட்டின் பிள்ளைக்குத் துணை வேண்டும். அந்தத் துணை அந்த வீட்டின் பக்கம் நிற்க வேண்டும்.

மிஷன் இந்தத் தீவுக்குத் தந்த பெரிய கொடை, அது எண்ணியிராத வழியில் வந்தது. வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில் பணியாற்றி, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாலபாடங்களும் சைவ வினாவிடையும் எழுதினார். பௌத்தருக்கு அமெரிக்கரான ஒல்கொட் 1881இல் வினாவிடை நூல் தந்தார். மிஷன் நாட்டிய ஞாயிறு பாடசாலையைப் பார்த்துச் சைவர் அறநெறிப் பாடசாலைகளையும் முஸ்லிம்கள் அஹதிய்யாப் பாடசாலைகளையும் அமைத்தார்கள். அறபியில் ‘அஹத்’ ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும். வெள்ளிக்கிழமையில் கூடும் சமூகம் தன் பிள்ளைகளின் சமய வகுப்புக்கு ஞாயிற்றின் பெயரைச் சூட்டிக்கொண்டதில் இந்த வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. பாட ஒழுங்கும் வயதுப் பிரிவும் அச்சுப் புத்தகமும் மிஷனிடமிருந்து வந்தன. அவற்றுக்குள் ஊற்றிய நம்பிக்கை அவரவர் வீட்டினது.

பிள்ளையின் சமயத்தை வீடே தீர்மானிக்கும் உரிமை சட்டமாகவும் மாறியது. பெற்றோர் விரும்பாத சமயப் போதனையைப் பிள்ளையின்மேல் ஏற்றக் கூடாது என்னும் மனச்சாட்சி விதியை 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டமும் படிப்படியாக வலுப்படுத்தின. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். 1971இல் தொடங்கிய கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி அவர் பெயரையே தாங்குகிறது. கத்தோலிக்கர் தம் பாடசாலைகளுக்குள் குடியிருந்து எதிர்த்தார்கள். தாம் கட்டிய கட்டடத்தில் தம் பிள்ளைகளுக்குத் தம் செபத்தைக் கற்பிக்கும் சூழல் போகிறதே என்ற அவர்களின் வேதனை, முன்பு முஸ்லிம் தாய் பட்ட அச்சத்தைவிடச் சிறியதல்ல. வீட்டின் உரிமையைப் பேசுகிறவர் அந்த வீட்டையும் சேர்த்தே பேச வேண்டும். இன்று பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என ஐந்து பாடநூல்கள் அரசால் அச்சிடப்பட்டு, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுச் சமயத்தைப் படிப்பது இந்த நீண்ட வழக்கின் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்புக்கு விலையும் உண்டு. முஸ்லிம் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை என்று பிரிந்து, நோன்பு விடுமுறையால் நாட்காட்டியும் பிரிந்து, ஒரே தெருவின் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் வளர்கிறார்கள் என்பது கனமான குற்றச்சாட்டு. ஆனால் பிரித்தது தொழுகை என்று சொல்ல முடியாது. தொழுகையில் ஊன்றிய அஸீஸும் துறவு பூண்ட விபுலாநந்தரும் 1940களில் இதே கரையில் நண்பர்களாயிருந்தார்கள். பதவிப் போட்டியும் நிர்வாகமும் போரும் பிரித்தவற்றுக்குப் பிள்ளையின் இறைவணக்கத்தைப் பழி சொல்லக் கூடாது. சமய பாடத்துக்குத் தனித்தனி வகுப்பும், கணக்குக்கும் விளையாட்டுக்கும் ஒரே முற்றமும் வைக்க எந்தச் சமயமும் தடை சொல்லவில்லை.

இன்று இந்தக் கரையில் பிள்ளையின் ஜெபத்தை மாற்ற வரும் மிஷனைவிட, பிள்ளைக்கு நேரமே விடாத டியூஷன் வகுப்பு பெரிய கவலை. மஃரிப் பாங்கு ஒலிக்கும் வேளையிலும், சாமி விளக்கேற்றும் வேளையிலும், ஞாயிறு காலையிலும் பிள்ளை வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குறையை நிரப்ப மத்ரஸாவுக்கும் அறநெறிப் பாடசாலைக்கும் ஞாயிறு பாடசாலைக்கும் அனுப்பிப் பரீட்சையும் சான்றிதழும் வாங்கினால் போதும் என்று வீடு ஓய்ந்துவிடுமானால், ஒல்லாந்தர் செய்த பிழையை நாமே நம் பிள்ளைகளுக்குச் செய்கிறோம். தாய் தொழும் பாயின் ஓரத்தில் ஒரு சிறு பிள்ளை நிற்க இடமிருக்கும் வரையில்தான் பள்ளியும் பள்ளிக்கூடமும் தமக்கென்று செய்யத்தக்க வேலையை வைத்திருக்கும்.