கூரைக்கு முன் மனை



ஒடுக்கப்பட்ட மக்களுக்கான வீட்டுத் திட்டங்களின் வரலாற்றை மனையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அளித்தார். சேரிக் குடிசை நிற்கும் மண்ணும் மிராசுதாரர் பிடியில் இருந்தது. பணிய மறுத்தவரைக் குடியிருப்பைவிட்டே விரட்ட முடிந்தது. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு வழி திறந்தது.

ஆனாலும் மிராசுதாரர் பிடி முழுதாகத் தளரவில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்த மனையைச் சொந்தமாக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1971இல்தான் வந்தது.

தலித், பழங்குடி மக்களையும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளையும் முன்வைத்து 1985இல் தொடங்கிய இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டம், 2016இல் பிரதமரின் வீட்டு வசதித் திட்டமாக மாறியது. அலுவலகத்தில் முதல் கேள்வி மாறவில்லை: பட்டா இருக்கிறதா?

ஏரிக்கரையில் வாழும் இருளர் என்ன சொல்வார்? அது நீர்நிலைப் புறம்போக்கு. அங்கே பட்டா கிடையாது. மாற்று மனைக்கு வேண்டிய பழங்குடிச் சான்றிதழோ ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. பட்டா கிடைத்த பலருக்கும் நிலம் அளந்து காட்டப்படவில்லை.

ஆகவே கிராமசபையில் வீடு கேட்கும் முன் மனைக் கணக்கைக் கேளுங்கள்: யார் பெயரில், எந்தச் சர்வே எண்ணில், அளந்து கல் நட்டாயிற்றா? நிலமில்லாதவருக்கு வீட்டுத் திட்டம் அங்கேதான் தொடங்குகிறது.