கேட்டதைக் கட்டித் தரும் இயந்திரம்



சென்ற வாரம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். மென்பொருள் வேலை. "சார், என்ன வேண்டும்னு சொன்னா போதும், புரோகிராமை கம்ப்யூட்டரே எழுதிடுது. இனி எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். இந்தக் கேள்விக்கு வயது அறுபதுக்கு மேல் என்றேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

1957இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தர்க்கவியலாளர் கூட்டம் நடந்தது. ஒரு மின்சுற்று எப்படி நடக்க வேண்டும் என்று தர்க்க மொழியில் எழுதிக் கொடுத்தால், அந்தச் சுற்றைத் தானாகவே அமைக்க வழியுண்டா என்று அலான்சோ சர்ச் அங்கே கேட்டார். 1969இல் ப்யூக்கியும் லாண்ட்வெபரும் உண்டு என்று நிறுவினார்கள்.

ஒரே நேரத்தில் இயங்கும் பல நிரல்களுக்கு இதைச் செய்வது எப்படி? ஒற்றை ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் ரயில்கள் காத்திருக்கின்றன. "இரண்டும் ஒருசேரப் பாதையில் இருக்கக் கூடாது" என்று மட்டும் எழுதினால், இரண்டையும் என்றென்றும் நிறுத்தி வைத்தாலும் நிபந்தனை நிறைவேறிவிடும்! "காத்திருக்கும் ரயிலுக்கு ஒருநாள் வழி கிடைத்தே தீர வேண்டும்" என்பதையும் சேர்க்க வேண்டும். 1981இல் கிளார்க்கும் எமர்சனும் இப்படிப்பட்ட நிபந்தனைகளைக் காலத்தர்க்கத்தில் எழுதி, அவற்றிலிருந்தே நிரலின் எலும்புக்கூட்டை அமைத்துக் காட்டினார்கள். அதே கட்டுரையில், ஏற்கெனவே உள்ள அமைப்பு நிபந்தனைக்குப் பொருந்துகிறதா என்று திருத்தும் முறையும் இருந்தது. விடை எழுதுவதைவிடத் திருத்துவது எளிது அல்லவா? அந்தத் திருத்தும் முறைதான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. பிரான்சில் தனியாக அதைக் கண்ட சிஃபாகிஸோடு சேர்த்து இருவருக்கும் 2007ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது.

எல்லையும் தெரிந்தது. ஒன்று பார்ப்பதை மற்றொன்று அறியாத பல பாகங்களுக்கு, எப்போதும் பலிக்கும் பொதுவழி கிடையாது என்று 1990இல் ப்னூலியும் ரோஸ்னரும் காட்டினார்கள்.

"எது வேண்டும் என்று குறைவில்லாமல் சொல்வது மனிதர் வேலைதான், அம்மா" என்றேன்.

அவள் போனபின் ஒன்று உறுத்தியது. ஒரு தேர்வில் "3ஆலும் 4ஆலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய முழு எண் எது?" என்று கேட்டிருந்தேன். நான் நினைத்தது 12. ஒரு பையன் 0 என்று எழுதினான். சிவப்பு மையால் அடித்தேன். 'இயல் எண்' என்று எழுதாதது என் பிழை. அப்பா, இதைப் படித்தால் சொல்லு. அந்த 2 மதிப்பெண் உன்னுடையது.